லேபிள் இல்லாத ராக் பேண்டோடு நாலு நாள் டூர் போவது எப்படி

டூர் என்று முடிவானதும் எல்லா பேண்டும் முதலில் உட்காருவது போஸ்டர் டிசைனுக்குத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு தாளை எடுத்து நாலு நாளையும் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் நேராக எத்தனை மணிக்குப் படுப்போம், எங்கே படுப்போம், எத்தனை மணிக்கு எழுந்திருப்போம் என்று போடுங்கள். ஷோ நேரம், பயண நேரம் எல்லாம் அதற்கு அப்புறம். பின்னால் லேபிள் என்கிற இசைக் கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, ஆம்ப்ளிஃபையரை, அதாவது ஆம்பைத் தூக்குவதும் நாமே, அதை ஏற்றி இறக்கிவிட்டு மேடையில் நின்று பாடுவதும் நாமே. அப்படி இருக்கும்போது மூன்றாம் நாள் ஷோவைக் கெடுப்பது பெரும்பாலும் தூக்கமின்மைதான். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன், டூர் கணக்கும் வண்டி ஏற்பாடும் என் கையில்தான் இருக்கும், அதனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து கிளம்பும் நாலைந்து பேர் கொண்ட பேண்டுக்கு நான் சொல்லும் ரூட் இது: வியாழன் பெங்களூரு, வெள்ளி கோவை, சனி கொச்சி, ஞாயிறு வீடு திரும்புவது. சென்னை பெங்களூரு சுமார் 350 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி, சேலம் வழியாகக் கோவைக்கும் ஏறக்குறைய அதே தூரம். கோவையிலிருந்து கொச்சி 190 கிலோமீட்டர்தான், பாலக்காடு, திருச்சூர் வழியாகப் பகலில் நிதானமாகப் போகலாம். ஞாயிறு மட்டும் 700 கிலோமீட்டர் வரை ஓட்ட வேண்டும், ஆனால் அன்று ஷோ இல்லை, காலையில் கிளம்பி இடையில் நின்று நின்று வரலாம். திங்கள் லீவு போட முடிந்தால் சேலத்தில் இரவு தங்கிவிடுவது இன்னும் நல்லது.

பெங்களூருக்கு ஏன் வியாழன் என்றால், வெள்ளி, சனிக்கிழமைகளைப் பப்காரர்கள் டிஜேக்கும், கவர் பாட்டு, அதாவது பிறர் பாட்டை வாசிப்பவர்களுக்கும் கொடுத்துவிடுவார்கள், பெயர் தெரியாத பேண்டுக்குச் சொந்தப் பாட்டு வாசிக்க வார நாள்தான் எளிதில் கிடைக்கும். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் மாதிரி பேண்ட் 1996இலேயே கிளம்பிய ஊர் அது, சொந்தப் பாட்டைக் கேட்கவென்றே வார நாளிலும் வந்து நிற்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். கொச்சிக்குச் சனிக்கிழமையை வைப்பதற்கும் காரணம் உண்டு. மதர்ஜேன் என்ற ராக் பேண்ட் பிறந்த ஊர், அவியல் என்ற பேண்ட் மலையாளத்திலேயே ராக் பாடிக் காட்டிய மாநிலம். தாய்மொழியில் ராக் கேட்பது அவர்களுக்குப் புதிதில்லை, தமிழும் புரியும். தமிழ்ப் பாட்டு வைத்திருக்கும் பேண்டுக்கு அங்கே கிடைக்கும் கவனிப்பைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், அதனால் நல்ல நாளை அந்த ஊருக்குக் கொடுங்கள்.

தேதி போடும் முன் சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைக் கிழிக்காமல் புரட்டிப் பாருங்கள். முகூர்த்த நாளென்றால் வேன் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவர்களும் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். ஆடி மாதம் வண்டி தாராளமாகக் கிடைக்கும், ஆனால் கேரளாவில் மழை கொட்டும் நேரம் அது, ஆகவே ஆடியில் பெங்களூரு, கோவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம், பாலக்காட்டுப் பாதையில் நேரம் கணிக்கவே முடியாது. என்னைக் கேட்டால் பொங்கல் கழிந்து மாசி முடியும் வரை உள்ள வாரங்கள்தான் சரி, முகூர்த்தத்தை மட்டும் தவிர்த்துவிட்டு.

முடிந்தால் இதற்கு முந்தின வாரம் புதுச்சேரியில் ஒரு சின்ன ஷோ வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஆரில் 150 கிலோமீட்டர், மாலையில் வாசித்துவிட்டுக் காலையில் திரும்பிவிடலாம். எந்த கேபிள் கரகரக்கிறது, செட் லிஸ்டில், அதாவது வாசிக்கும் பாட்டு வரிசையில் எந்த இடத்தில் டியூனிங் மாற்ற நேரம் போதவில்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டிக்கு வருவோம். 12 சீட் டெம்போ டிராவலர் எடுங்கள், கடைசி வரிசையைக் கழற்றித் தருவார்களா என்று கேளுங்கள், அந்த இடம் முழுக்கச் சாமானுக்கு. மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். தெரிந்தவர் வண்டி, வாடகை கம்மி என்று வெள்ளை போர்டை வாடகைக்கு எடுத்தால் செக்போஸ்ட்டில் மாட்டுவீர்கள், ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். கர்நாடகா, கேரளா இரண்டுக்கும் பெர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் அந்த மாநில வரியை யார் கட்டுவது, டோல் வாடகைக்குள் அடங்குமா, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா எவ்வளவு, இவை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

டிரைவர் அண்ணனுக்குப் படுக்க ஒரு கட்டில் கட்டாயம் வேண்டும். வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நாம் ஷோ முடித்து, சாமான் ஏற்றி, சாப்பிட்டு முடிக்கையில் மணி 1 ஆகிவிடும், அவர் அதுவரை கொசுக்கடியில் விழித்திருந்துவிட்டுக் காலையில் ஏழு மணி நேரம் ஓட்ட வேண்டுமென்றால் அது நம் உயிரோடு விளையாடுவது. சாயங்காலம் சாமானை இறக்கியதும் அவரை ரூமுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லுங்கள், அப்புறம் போன் பண்ணிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஷோ முடிந்த கையோடு ரூம் வாடகையை மிச்சம் பிடித்து ராத்திரியே அடுத்த ஊருக்குக் கிளம்பலாம் என்று பேண்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேனுக்குக் காசு இல்லாவிட்டால் ரயில். ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம், கிட்டாருக்கும் பெடல் போர்டுக்கும் அது போதும். டிரம்ஸ் ஸ்டாண்டெல்லாம் சேர்ந்தால் தாங்காது, அதனால் ரயிலில் போகும் டிரம்மர் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற டிரம்ஸ் சாமானை அந்த ஊரிலேயே கேட்டு வாங்குவதுதான் நடைமுறை. வேனில் போனாலும் இந்த மூன்றும் சொந்தமாக இருக்கட்டும், ஊர் ஊருக்கு இருக்கும் கிக் பெடலை நம்ப முடியாது.

சாமான் ஏற்றும்போது ஸ்டாண்ட் பையும் ஆம்பும் கீழே, கிட்டார் மேலே, எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டுங்கள். வண்டியின் கூரை கேரியரில் எதையும் ஏற்ற வேண்டாம். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் வெயிலில் பூட்டிய வேனுக்குள் கிட்டாரை விடாதீர்கள், அந்தச் சூட்டில் பசை இளகிப் பிரிட்ஜ் கிளம்பிவிடும், ஆளுக்கொன்றாக ஓட்டலுக்குள் தூக்கிக்கொண்டு போங்கள். கொச்சியில் காற்றே ஈரம், கம்பியை வாசித்து முடித்ததும் துடைக்காவிட்டால் சீக்கிரமே துருப் பிடிக்கும்.

இப்போது நான் நிறையப் பேச விரும்பும் விஷயம், கரண்ட். சின்ன இடங்களில் எர்த் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஆம்பை ஒரு சுவரிலும் சவுண்ட் மிக்ஸரை இன்னொரு சுவரிலும் செருகியிருப்பார்கள், ஒன்றில் எர்த் இருக்கும், மற்றதில் இருக்காது. பாடகர் கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்குக்கு உதட்டைக் கொண்டுபோவார், சுரீர் என்று அடிக்கும். சில சமயம் அது வெறும் கூச்சத்தோடு போய்விடும், சில சமயம் ஆளையே தூக்கிவிடும். மல்டிமீட்டர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் கிரில்லிலும் வையுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் யாரும் தொட வேண்டாம், எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பாயிண்டிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இரைச்சல் குறையும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், அதை உங்கள் சாமானில் எவரையும் செய்ய விடாதீர்கள். பெரியவர் ஒருவர் இருபது வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறோம் என்று சொன்னாலும், “அண்ணா, ஒரு தடவை செக் பண்ணிட்டு ஆரம்பிச்சிடறோம்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு மீட்டரை வையுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு, 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகும் கன்வெர்ட்டர் ஒன்று, கருப்பு டேப், உபரி ஜாக் கேபிள், கம்பி செட், 9 வோல்ட் அடாப்டர், டிரம் கீ, இதெல்லாம் ஒரே பையில், அந்தப் பைக்கு ஒரே ஆள் பொறுப்பு.

சவுண்ட் என்ஜினியருக்கு இரண்டு நாள் முன்பே சேனல் பட்டியல் அனுப்புங்கள். கிக், ஸ்னேர், ஹைஹாட், இரண்டு டாம், டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக், பேஸை நேராக மிக்ஸரில் இணைக்கும் டிஐ பெட்டி, இரண்டு கிட்டார், இரண்டு குரல், மொத்தம் 12 சேனல். அந்த இடத்தில் 8 சேனல் மிக்ஸர்தான் என்றால் முதலில் விடவேண்டியது ஹைஹாட், அப்புறம் இரண்டு டாம், அப்புறம் மேல் மைக்கில் ஒன்று. சின்ன ஹாலில் இவை எல்லாம் மைக் இல்லாமலே நன்றாகக் கேட்கும். போய் இறங்கியதும் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பட்டியலை அச்சடித்தும் கையில் கொடுங்கள். சவுண்ட் செக்கில் அவர் கிக் என்றால் கிக் மட்டும்தான் அடிக்க வேண்டும், மற்றவர்கள் கம்பியைத் தடவக்கூடக் கூடாது. தனித்தனியாக முடிந்ததும் உங்கள் செட்டிலேயே சத்தமான பாட்டில் ஒரு நிமிஷம், மெதுவான பாட்டில் ஒரு நிமிஷம், போதும். முழு செட்டையும் ஒத்திகை பார்க்கும் இடம் அது இல்லை, பாடகரின் தொண்டையும் அங்கேயே தீர்ந்துவிடும்.

திறந்த மொட்டை மாடி என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, நாடு முழுக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி இதுதான். அமைப்பாளர் 9 மணிக்கு மேடை என்று சொன்னால் உங்கள் ஒரு மணி நேர செட் முழுதாக நடக்காது என்று பொருள். மேடை ஏற எப்படியும் கொஞ்சம் தாமதமாகும். கடைசியில் வாசிப்போம் என்று வைத்திருக்கும் நல்ல பாட்டை மூன்றாவதாகக் கொண்டுவந்துவிடுங்கள்.

காது விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். சின்ன ரூமில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் 100 எளிதாக வந்துவிடும். மூன்று இரவு தொடர்ந்து இப்படி நின்றால் காது இரையும், இரைகிற காதோடு மிக்ஸ் எதுவும் சரியாகக் கேட்காது, எல்லாரும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார்கள். இசைக்கலைஞர்களுக்கான காது அடைப்பான் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்குங்கள், வேனில் ஸ்பீக்கர் வேண்டாம்.

பாடகரின் குரலைக் கெடுப்பது பாட்டை விட, ஷோ முடிந்த பின் இரைச்சலான பப்பில் நின்று எல்லாரிடமும் கத்திக் கத்திப் பேசுவதுதான். வந்தவர்களைப் பார்த்துப் பேச வேண்டியது முக்கியம், நாலு ஊரில் நமக்கென்று ஆட்கள் சேர்வது அப்படித்தான். அவர்களை வாசலுக்கு வெளியே கூட்டிப் போய்ப் பேசும்படி பாடகரிடம் சொல்லுங்கள். ராத்திரி 12 மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் புளித்த ஏப்பம் மேலே வந்து தொண்டையை அரிக்கும், காலையில் குரல் கட்டியிருக்கும். ஷோவுக்கு முன் 6 மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, முடிந்தபின் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். பிரியாணியை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோவையில் அதற்குக் குறைவில்லை.

தங்குவதற்கு நண்பர் வீடா, லாட்ஜா? நண்பரின் அப்பா அம்மா இருக்கும் வீடு என்றால் சாப்பாடு அருமையாக இருக்கும், ஆனால் ராத்திரி 1 மணிக்குக் கதவைத் தட்டி அவர்களை எழுப்ப வேண்டும், காலை 6 மணிக்கு அம்மா காபியோடு வந்து நிற்பார்கள், தூக்கம் போச்சு. நான் லாட்ஜ்தான் சொல்வேன், இரண்டு ரூம். குறட்டை விடுபவர்கள் ஒரு ரூமில், மற்றவர்கள் இன்னொன்றில். மறுநாள் மதியம் அந்த வீட்டுக்குச் சாப்பிடப் போங்கள், அவர்களுக்கும் மகிழ்ச்சி. கிட்டார், பெடல், சிம்பல் எல்லாம் ரூமுக்குள் வர வேண்டும், வேனில் எதுவும் இருக்கக் கூடாது. இன்னொன்று: அன்றைய ஷோவில் யார் எங்கே தப்பாக வாசித்தார் என்ற பேச்சு அன்றிரவு கிடையாது, மறுநாள் காலை டிபனுக்கு அப்புறம்தான். களைப்பில் பேசிய வார்த்தைக்காக உடைந்த பேண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்குக் கணக்கு ஒருவரிடம்தான். பாதி முன்பணம் வராமல் தேதியை அறிவிக்காதீர்கள், மீதி சாமான் ஏற்றும் முன் கைக்கு வர வேண்டும். கம்பெனி, கல்லூரி மாதிரி இடங்கள் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் அதற்குச் சான்றிதழ் கேளுங்கள், பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். டிக்கெட் பங்கு என்று பேசியிருந்தால் வாசலில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்து எண்ணட்டும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கவர் பாட்டு வாசிப்பதாக இருந்தால் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் தரும் உரிமத்தை அமைப்பாளர் எடுத்திருக்கிறாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். டீ ஷர்ட் விற்கும் மேஜையில் விலையும் க்யூஆர் கோடும் பெரிதாக ஒட்டியிருக்கட்டும், இருட்டில் யாருக்கும் தெரியாது, அதனால் ஒரு சின்ன டார்ச்சும் வையுங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் சாமானைப் பிரித்துக் காய வையுங்கள், கேபிள்களைச் சோதித்துக் கெட்டதற்குச் சிவப்பு டேப் சுற்றுங்கள். கணக்கை ஒரே ஷீட்டில் எழுதி எல்லாருக்கும் அனுப்பி, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை அடுத்த பிராக்டிஸுக்கு முன்னால் தீர்த்துவிடுங்கள். மூன்று ஊர் சவுண்ட் என்ஜினியர்களுக்கும், டிரைவர் அண்ணனுக்கும் பெயர் சொல்லி ஒரு நன்றி மெசேஜ் போடுங்கள், அவர்கள் நம்பரைப் பேண்டில் எல்லாரும் சேவ் செய்துகொள்ளுங்கள்.