மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்கள் வைச்சிருக்கிற பெரிய கணினி) கோபோல் மொழி ப்ரோகிராமை டெஸ்க்டொப்லயும் ஓட வைக்கிறது எப்பிடி

ஐபிஎம் மெயின்ஃப்ரேம் எழுத்துகளை எப்சிடிக் (EBCDIC) எண்ட குறியீட்டு முறைல வைக்கும், எங்கட பிசி ஆஸ்கி (ASCII) எண்ட முறைல, பெரிய ஏ (A) அங்க ஹெக்ஸ்ல (16ஐ அடியாக் கொண்ட எண் முறை) சி1 இங்க 41. அதால சோர்ஸ் ஃபைலை (கோட் எழுதின ஃபைல்) எஃப்டிபில (ஃபைல் அனுப்பி எடுக்கிற முறை) எடுக்கேக்க டெக்ஸ்ட் மோட்ல எடுங்கோ, தானா மாறி வரும்.

ஆனா கொம்ப்-3 (COMP-3, ஒரு பைட்டில ரெண்டு இலக்கமா சுருக்கி வைக்கிற எண்) இருக்கிற டேட்டா ஃபைலை அப்பிடி எடுக்கவே வேண்டாம்!! கொழும்பு கோட்டைல வேலை செய்யேக்க நான் ஒருக்கா எடுத்துப்போட்டு, தொகை ஒண்டும் சரிவராம இரவு வெள்ளவத்தைக்கு கடைசி பஸ் போகுமட்டும் இருந்து தேடினன். +125 எண்டது 12 5சி எண்டு ரெண்டு பைட்டா இருக்கும், கடைசி சி கூட்டல் குறி. 5சி எப்சிடிக்ல நட்சத்திரக் குறி, அது ஆஸ்கில 2ஏ, ஏயும் கூட்டல் குறியாத்தான் எடுபடும், அப்ப 125 சத்தமில்லாம 122 ஆகிடும், எரர் கூட வராது. பைனரி மோட்ல (ஒண்டையும் மாத்தாம) எடுத்து எழுத்து ஃபீல்டை மட்டும் ப்ரோகிராமால மாத்துங்கோ.

கோட் ஒவ்வொரு வரியிலயும் 8ல இருந்து 72ஆவது கொலத்துக்குள்ள (எழுத்து இடம்) நிக்கோணும், டேப் அடிக்காதேங்கோ ப்ளீஸ். டெஸ்க்டொப்ல க்னூ கோபோல் (GnuCOBOL, இலவச கொம்பைலர்) போதும், ஸ்டாண்டர்டை ஐபிஎம் எண்டு குடுத்து கொம்பைல் பண்ணுங்கோ.

சோர்ட்டையும் பாருங்கோ, எப்சிடிக்ல எழுத்துக்குப் பிறகுதான் இலக்கம், ஆஸ்கில இலக்கம் முதல். சிஐசிஎஸ் (CICS, மெயின்ஃப்ரேம்ல ஒன்லைன் வேலைகளை நடத்திற மென்பொருள்) மாதிரி மெயின்ஃப்ரேம்க்கு மட்டுமான பகுதியை வேற சப்ப்ரோகிராமா பிரிச்சு வையுங்கோ, கணக்குப் பாக்கிற கோட் ரெண்டு பக்கமும் ஒண்டாவே இருக்கட்டும்.