எடுத்த வருஷம் வேற, பிரிண்ட் போட்ட வருஷம் வேற: ஃபோட்டோ ஃபேர் போறவங்க தவிர்க்க வேண்டிய தப்புங்க

போன நவம்பர்ல பாரிஸ் ஃபோட்டோங்கற ஃபேர்ல, கேலரிங்க ஃபோட்டோ பிரிண்டுங்கள விக்கற இடத்துல, ஒரு தம்பி, இங்க படிக்க வந்திருக்கற நம்ம ஊர்ப் பையன், ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முன்னாடி நின்னுட்டு "அக்கா, 1932-ல எடுத்ததாம், எவ்ளோ பழசு பாருங்க"ன்னான். குனிஞ்சு லேபிளப் பாத்தா அவன் படிச்சது முதல் வரிய மட்டும்தான். பின்னாடி போட்ட பிரிண்ட்னு இருந்த ரெண்டாவது வரிய விட்டுட்டான். அதே விஷயத்த ஒரு காலத்துல கேக்காம விட்டவதான் நானும், அதான் இத எழுத உக்காந்துட்டேன். டிக்கெட்ட முன்னாடியே போடறது, காலுக்கு நல்ல ஷூ, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

எல்லாத்தையும் பாத்துடணும்னு ஓடறது

ஃபேர் நடக்கற கிராண்ட் பலே கட்டடத்துல கேலரியும் புத்தகம் போடறவங்களும் சேத்து 200-க்கு மேல இருப்பாங்க. ரெண்டு மணி நேரத்துலயே கண்ணு மரத்துடும். நான் முதல் சுத்துல ஃபோன பைக்குள்ள போட்டுட்டு எங்கயும் நிக்காம நடந்துடுவேன், அப்பறம் ஒரு காபியோட உக்காந்து எது மனசுல நிக்குதோ அத மட்டும் நோட்டுல எழுதி, அந்த ஏழெட்டுக்கு மட்டும் திரும்பப் போவேன். ஃபோன்ல எடுத்துட்டே போனா ராத்திரி பாக்கறப்ப எல்லாம் ஒரே சைஸ்ல ஒரே பளபளப்புல இருக்கும், எது பிளாட்டினம் உப்பு தடவின பேப்பர்ல போட்ட பிரிண்ட், எது இங்க்ஜெட் மெஷின்ல போட்டதுன்னு கூடத் தெரியாது. இன்னொண்ணு, அங்க கூரை கண்ணாடி, நவம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும். முக்கியமானத மத்தியானத்துலயே பாத்துடுங்க.

பெரிய படங்க பக்கமே போறது

ரெண்டு மீட்டர் கலர் பிரிண்ட் தூரத்துலருந்தே இழுக்கும். ஆனா ஃபோட்டோகிராஃபர் ஆந்த்ரே கெர்டேஸ் 1920-கள்ல இதே பாரிஸ்ல போஸ்ட்கார்டு பேப்பர்ல போட்ட பிரிண்டுங்க கையடக்கமா இருக்கும், மூஞ்சிய கிட்ட கொண்டு போனாத்தான் தெரியும்.

விலை கேக்கக் கூச்சப்படறது

கேளுங்க. கேட்டா வாங்கியே ஆகணும்னு இல்ல.

எந்த வருஷப் பிரிண்ட்னு கேக்காம விடறது

இதுதான். இத்தன வருஷம் கழிச்சும் நெனச்சா வயிறு எரியுது.

ஒரு ஃபேர்ல, மழையில நனைஞ்ச தெரு, ஒரே ஒரு சைக்கிள், லேபிள்ல 1948. மாசக்கணக்கா சேத்து வெச்ச காச எடுத்துக் குடுத்து வாங்கிட்டேன். ஃப்ரேம் மாத்த ஒரு வயசான பிரிண்டர்கிட்ட குடுத்தேன், அவர் லைட்ட அணைச்சுட்டு யூவி டார்ச்ச அடிச்சாரு, பேப்பரோட வெள்ள ஓரம் முழுக்க நீலமா பளீர்னு ஒளிர்ந்துச்சு. பேப்பர வெள்ளையாக் காட்டறதுக்குப் போடற கெமிக்கல் அது, 1950-களுக்கு முன்னாடி ஃபோட்டோ பேப்பர்ல கிடையாது. அதாவது நெகட்டிவ், படம் எடுத்த ஃபிலிம், 1948, அதுலருந்து பேப்பர்ல போட்ட பிரிண்ட் ரொம்பப் பின்னாடி. கேலரிக்கு எழுதினேன். "படம் எடுத்த வருஷத்தத்தான் போட்டோம், பிரிண்ட் வருஷம் நீங்க கேக்கலையே"ன்னு பதில். நான் குடுத்ததோ பழைய பிரிண்டுக்கான விலை!

இந்த டார்ச்சால பெரிய விஷயமே வெளிய வந்திருக்கு. அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் லூயிஸ் ஹைன் 1940-லயே இறந்துட்டாரு, அவர் போட்டதுன்னு வித்த பிரிண்டுங்கள்ல பல இப்படி ஒளிர்ந்ததும் 1990-கள் கடைசில அமெரிக்கச் சந்தையே ஆடிப் போச்சு. ஆனா ஒளிரலன்னா பழசுதான்னு முடிவு கட்டிடாதீங்க, அந்தக் கெமிக்கல் இல்லாத பேப்பர் பின்னாடியும் வந்திருக்கு.

பின்னாடி போட்ட பிரிண்ட்னா மட்டம்னு நான் சொல்லல. அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல ஹெர்னான்டஸ்ங்கற ஊர்ல எடுத்த நிலவுப் படத்த எடுத்துக்கோங்க, அவரே ஆயிரத்துக்கு மேல பிரிண்ட் போட்டிருக்காரு, ஆரம்பத்துல போட்டதுல வானம் சாம்பலா மேகத்தோட இருக்கும், கடைசிக் காலத்துல போட்டதுல கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. எது புடிக்குதோ அத வாங்குங்க, ஆனா எத வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்குங்க. ஃபோட்டோகிராஃபர் டயான் ஆர்பஸ் 1971-ல இறந்ததுக்கப்பறம் அவங்க நெகட்டிவ்லருந்து நீல் செல்கர்க்னு இன்னொருத்தர் போட்ட பிரிண்டுங்க இருக்கு, அத அப்படியே சொல்லித்தான் விக்கறாங்க. பாரிஸ்ல லேபிள்ல "டிராஜ் தெபோக்"னு இருந்தா எடுத்த காலத்துலயே போட்டது, "டிராஜ் டார்டிஃப்"னா பின்னாடி போட்டது. கையெழுத்து இருக்கறதால பழசுன்னு நம்பாதீங்க, எழுபது வயசுலயும் கையெழுத்துப் போடலாம். பில்லுல ரெண்டு வருஷத்தையும் எழுதி வாங்குங்க.

எத்தன காப்பின்னு பாதி மட்டும் கேக்கறது

"அஞ்சுல ரெண்டாவது"ன்னா இந்த சைஸ்ல அஞ்சு, அவ்ளோதான். வேற சைஸ்ல எத்தன இருக்கு, ஆர்ட்டிஸ்ட் கையில எத்தன இருக்குன்னும் கேளுங்க. 2012-ல ஃபோட்டோகிராஃபர் வில்லியம் எகிள்ஸ்டன் தன்னோட பழைய படங்கள பெரிய டிஜிட்டல் பிரிண்டா ஏலத்துல விட்டப்ப, முன்னாடி அதே படங்களோட டை டிரான்ஸ்ஃபர் பிரிண்ட் (பழைய கலர் பிரிண்ட் முறை) வாங்கி வெச்சிருந்த ஒருத்தர் கேஸ் போட்டாரு, கோர்ட் தள்ளிடுச்சு. ஃபிரான்ஸ்ல வரிச் சட்டம் இந்த விஷயத்துல தெளிவு: எல்லா சைஸும் சேத்து 30 காப்பிக்குள்ள, நம்பரும் கையெழுத்தும் இருந்தாத்தான் ஒரிஜினல் கணக்கு.

நேரா நின்னே பாக்கறது

பக்கவாட்டுல போய் நில்லுங்க. பழைய சில்வர் பிரிண்டா (வெள்ளி உப்புப் பேப்பர்ல போட்ட கறுப்பு வெள்ளை) இருந்தா கறுப்பான ஓரத்துல நீலமா ஒரு உலோகப் பளபளப்பு ஏறியிருக்கலாம், நேரா பாத்தா தெரியாது.

அந்தத் தம்பிகிட்டயும் இதத்தான் சொன்னேன். சாஞ்சு பாத்தான், பளபளப்பு இல்ல. கேலரி அம்மாகிட்ட எந்த வருஷப் பிரிண்ட்னு தயங்கித் தயங்கிக் கேட்டான். அவங்க முகம் சுளிக்கவே இல்ல, ஃப்ரேம சுவத்துலருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினாங்க, பின்னாடி பென்சில்ல 1979. நோட்ட எடுத்து 1932-க்குப் பக்கத்துல அதையும் எழுதிக்கிட்டான்.