வீட்டுக்கே வரும் மருந்தை வாங்கும்போது

ஆன்லைனில் மருந்து வாங்குவோர் இன்சுலினில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். பெட்டி வந்ததும் ஐஸ் பை இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெயிலில் சூடேறி வந்திருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். உறைந்துபோன இன்சுலினும் வீண்தான், உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது. தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலோ, பால் போன்ற வகையை உருட்டிக் கலக்கிய பின்னும் கட்டிகள் மிதந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். பலர் வெளி அட்டையை மட்டும் பார்த்துவிட்டு நேரே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள், அது போதாது.

மாத்திரைகளுக்கு வேலை குறைவு. அட்டையிலுள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பில்லோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பில்லில் கடையின் உரிம எண் இருக்க வேண்டும். அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறைகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு கட்டாயம். செல்பேசியில் அதை ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர் பெயரும் தேதிகளும் தெரியும்.

ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவரின் சீட்டு கேட்காமலே அனுப்பும் கடை எனக்கு நம்பிக்கை தருவதில்லை. அங்கே வாங்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் மருந்தை உட்கொள்ளாமல், உறையையும் பில்லையும் பத்திரப்படுத்தி, உங்கள் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.