நெல்லைச் சீமையில் சீனிக்கிழங்கு: எந்த மண்ணுக்கு எந்த ரகம்

கொடி காடாகப் படர்ந்தும் தோண்டினால் கிழங்கு இல்லை என்பதுதான் சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி போட்டவர்கள் அதிகம் சொல்லும் குறை. பழியெல்லாம் ரகத்தின் மேல் விழும். பெரும்பாலும் தப்பு ரகத்தில் இல்லை. நட்ட முதல் 40 நாளில்தான் எந்த வேர் கிழங்காகப் பருக்கும், எது வெறும் நாராக நிற்கும் என்பது முடிவாகிறது. அந்த நாட்களில் தண்ணீர் கட்டி நின்றாலோ மண் இறுகிக் காற்று போகாவிட்டாலோ வேர் பென்சில் கனத்தில் விறைத்துவிடும். அப்புறம் எவ்வளவு உரம் வைத்தாலும் பருக்காது. தழைச்சத்து மிஞ்சினாலும் சத்தெல்லாம் கொடிக்கே போகும். அதனால் முதலில் வயலைப் பாருங்கள், ரகம் அதற்கு அடுத்தது.

ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் பக்கத்துச் செவல் கிணற்றுத் தோட்டங்கள் இந்தப் பயிருக்கு உகந்தவை. மண் பொலபொலப்பாக இருக்கும், தண்ணீரும் வடிந்துவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3, திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ அருண், ஸ்ரீ வருண், ஆரஞ்சுச் சதையுள்ள பூ சோனா, எது போட்டாலும் இங்கே வரும். விற்பனையை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுச் சதை ரகங்களில் வைட்டமின் ஏ சத்து நிறைய உண்டு, பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் அவித்தால் பொதுவாகக் கொஞ்சம் ஈரப்பதமாக இருக்கும். மாவாக உதிரும் கிழங்கைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஸ்ரீ அருணின் இளஞ்சிவப்புத் தோலும் வெளிர் சதையும் பிடிக்கும்.

அம்பை, சேரன்மகாதேவி வண்டல் நஞ்சையில் கணக்கு வேறு. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து மாசிக் கடைசியில் நட்டால், அடுத்த கார் பருவ நெல் நடவுக்கு முன் வயல் காலியாக வேண்டும். ஆகவே 75 முதல் 85 நாளில் வரும் ஸ்ரீ கனகா, அல்லது 90 முதல் 100 நாளில் வரும் ஸ்ரீ அருண். நெல் வயலின் அடியில் உழவு படாத இறுகல் ஒன்று இருக்கும். அதை உடைத்து ஆழ உழுது, ஒரு அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டிப் பார் போடுங்கள். தட்டையாக நட்டால் விளைவதெல்லாம் கோணல் கிழங்குதான். மண்ணில் தழைச்சத்துக்குக் குறைவில்லை என்றால், மேலுரத்தில் யூரியாவை விட்டுவிடலாம், பொட்டாஷை விடக்கூடாது.

திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துத் தேரி என்ற செம்மணலில் கிழங்கு நேராக, அழகாக இறங்கும். ஆனால் தண்ணீரும் உரமும் மணலோடு கீழே போய்விடும். வாரம் ஒருமுறை நிறையப் பாய்ச்சுவதைவிட நான்கு நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகப் பாய்ச்சுவது நல்லது, சொட்டுநீர் இன்னும் நல்லது. பொட்டாஷை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். முன்பு கத்தரி, தக்காளி போட்டு வேர்முடிச்சு நூற்புழு கண்ட மணல் என்றால் ஸ்ரீ பத்ரா போடலாம். அதன் வேருக்குள் புகும் நூற்புழு பெருகாமல் அடங்கும், அடுத்த பயிருக்கும் நன்மை. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருந்தால் ஊதாச் சதையுள்ள பூ கிருஷ்ணா மற்றவற்றைவிடத் தாங்கும்.

கரிசலில் போட வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். ஈரத்தில் இறுக்கும், காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கிழங்கைக் கெடுக்கும் கூன்வண்டு உள்ளே இறங்கும். தென்னைக்கு இடையில் என்றால், நிழல் கட்டாத இளந்தோப்பில் மட்டும்.

பருவத்துக்கு வருவோம். மகள் வீட்டுக்குச் சீராக அனுப்பும் பொங்கல் படிக்கு சிறுகிழங்கு, சேனை, சேம்போடு சீனிக்கிழங்கும் வேண்டும். அப்போதுதான் விலையும் நிற்கும். தை பிறக்கும் முன் தோண்ட வேண்டுமானால், 105 நாள் ரகத்தைப் புரட்டாசி நடுவுக்குள் நட்டுவிடுங்கள். நடுவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் கொண்டுவந்த 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றுப் படுகையில் இந்தப் பருவத்துக்கு நடாமல், மேட்டுச் செவலில் வடிகால் வெட்டி நடுவதே பாதுகாப்பு.

விதைக்கொடிக்கு மூன்று மாதம் முன்பே வேலை தொடங்க வேண்டும். ஒரு ஏக்கருக்கு, முதலாம் நாற்றங்கால் 1 சென்ட் போதும். வண்டு தொடாத, 125 முதல் 150 கிராம் எடையுள்ள கிழங்குகள் 35 கிலோ வரை எடுத்து, இரண்டு அடிக்கு ஒன்றாகப் போட்ட பாரில் 25 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். 45 நாளில் கொடியை வெட்டி 5 சென்ட் இரண்டாம் நாற்றங்காலில் நட்டால், அடுத்த 45 நாளில் ஏக்கருக்கு வேண்டிய 33,000 துண்டுகள் கிடைக்கும். நுனியிலிருந்து ஒரு அடிக்குள், மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். அடிக்கொடியில் வண்டு முட்டையிட்டிருக்கும். பழைய கொடியை வாங்குவது வண்டையும் சேர்த்து வாங்குவதுதான். வெட்டியதை இலையோடு கட்டி இரண்டு நாள் நிழலில் வைத்து நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும்.

பாருக்குப் பார் 60 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. நடுக்கணுக்கள் மண்ணுக்குள், இரு முனையும் வெளியே. ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் கடைசி உழவில். அடியுரம் யூரியா 17 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 40 கிலோ. 30ஆம் நாள் யூரியா 17, பொட்டாஷ் 40. நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு செவலில் வாரம் ஒன்று. காயவிட்டுக் காயவிட்டுத் திடீரென்று நிறையப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். மழைக்காலத்தில் கணுவுக்குக் கணு வேர்விடும். கொடியைப் பிய்க்காமல் தூக்கி மறுபக்கம் போடுங்கள், இல்லையென்றால் சுண்டுவிரல் கிழங்குகளே மிஞ்சும்.

கூன்வண்டுதான் பெரிய எதிரி. புழு குடைந்த கிழங்கு கசந்து நாறும், மாட்டுக்கும் ஆகாது. 25, 50, 75ஆம் நாட்களில் மம்பட்டியால் மண் அணைத்து, கிழங்குத் தோள் வெளியே தெரியாமல் மூடுங்கள். இரண்டரை சென்டுக்கு ஒன்று என்று இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். குளக்கரை நெய்வேலிக் காட்டாமணக்கிலும் கடற்கரை அடம்புக் கொடியிலும் இந்த வண்டு தங்கும். வயலை ஒட்டி இருந்தால் அகற்றுங்கள். போன வருடம் கிழங்கு போட்ட அதே இடத்தில் மறுபடி போடாதீர்கள்.

இலை பழுக்கத் தொடங்கியதும் ஒரு கிழங்கை வெட்டிப் பாருங்கள். வடியும் பால் நிறம் மாறாமல் உலர்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அதைத் தாண்டி விட்டுவைத்தால் வண்டுக்குத்தான் லாபம். தோண்டுவதற்கு ஒரு வாரம் முன் தண்ணீரை நிறுத்தி, முதலில் கொடியை அறுத்தெடுத்து, பாரின் ஓரத்திலிருந்து மம்பட்டி போடுங்கள். நல்ல தோட்டத்தில் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் வரும். கழுவாமல், காற்றாடும் நிழலில் ஐந்தாறு நாள் பரப்பி வைத்தால் தோல் கீறல் ஆறி, அழுகல் குறையும். வெட்டுப்பட்டதை அன்றே விற்றுவிடுங்கள். வீட்டுக்கு எடுத்து வைப்பதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் பட்ட கிழங்கு எத்தனை நேரம் அவித்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும்.