முன் சஸ்பென்ஷனுக்குப் பொலியூரித்தேன் புஷ் பொருத்துதல்

திருகோணமலையில், குறிப்பாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் கார்களில், கடற்காற்றின் உப்பு லோவர் ஆம் (சில்லைக் கார் உடலோடு இணைக்கும் கீழ்க் கை) போல்ட்டைப் புஷ்ஷின் (அந்த இணைப்பில் அதிர்வைத் தாங்கும், றப்பரால் அல்லது பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உருளையின்) உள் இரும்புக் குழாயோடு இறுகப் பிடிக்க வைத்துவிடுகிறது. ஆகவே முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஸ்போர்ட்ஸ் காரில், கழற்றுவதற்கு முன், சில்லின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் போல்ட் நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தாமல் அடியில் கை வைக்கவே கூடாது.

பழைய புஷ்ஷை எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நச்சு என்பதால் நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பிரஸ்ஸில் அழுத்தி வெளியேற்றுங்கள். வெளி இரும்பு வளையத்தை விட்டுவைக்க வேண்டுமா என்பதைப் புதிய புஷ்ஷுடன் வரும் குறிப்பில் முதலில் பாருங்கள். துளையின் உட்சுவரை, விரல் நுனியில் சொரசொரப்புத் தட்டாமல் போகும்வரை எமரித் தாளால் தேய்த்து, புஷ்ஷின் உள்ளும் குழாயின் மேலும் சிலிக்கோன் கிறீஸைத் தாராளமாகப் பூசுங்கள். பிற்பாடு கேட்கும் கிறீச்சொலிக்குப் பெரும்பாலும் கிறீஸ் குறைவே காரணம்.

பொலியூரித்தேன் புஷ், உள் குழாயைச் சுற்றித் தடையின்றிச் சுழலும்; அதனால் போல்ட்டை எந்த நிலையில் முறுக்கினாலும் அது முறுகி நிற்காது. றப்பர் புஷ் என்றாலோ, கார் தன் எடையில் நிற்கும்போதுதான் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். சில்லு தொங்கும் நிலையில் முறுக்கினால் றப்பர் எந்நேரமும் முறுகி நின்று விரைவில் கிழியும். அன்றே வீல் அலைன்மென்ட் செய்துவிடுங்கள். பெயின்ட் குறி கராஜ் வரை ஓட்டிச்செல்ல மட்டுமே போதும்.