ஜிம்ப்பில் அழித்தால் வெள்ளை விழுகிறதா?

அப்பாவின் பழைய கையெழுத்தை ஸ்கேன் செய்து, சுற்றியிருந்த தாளை மட்டும் நீக்க படங்களைத் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் 2.10-ஐத் திறந்தேன். அழிப்பான் போன இடமெல்லாம் வெள்ளை பூசியது. கருவியில் கோளாறில்லை. ஸ்கேன் ஜேபெக் கோப்பாக இருந்தது, ஜேபெக் படத்தில் ஒளி ஊடுருவும் தகவலே கிடையாது. அதனால் அழிப்பான் பின்னணி நிறத்தைத்தான் தீட்டும். லேயர் (பட அடுக்கு) பட்டியலில் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது, அந்தத் தகவல் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பெயர்மேல் வலது கிளிக் செய்து, அந்தத் தகவலைச் சேர்க்கும் ‘ஆட் ஆல்பா சேனல்’ கொடுத்தேன். எழுத்து மெலிந்தது, அப்புறம் அழித்த இடமெல்லாம் சாம்பல் கட்டங்கள், அதாவது ஒளி ஊடுருவும் இடங்கள். ஆனால் மையின் மெல்லிய இழைகளை அழிப்பானால் காப்பாற்ற முடியாது. அதற்கு, ஒரு நிறத்தை மட்டும் ஒளி ஊடுருவும்படி மாற்றும் ‘கலர் டு ஆல்பா’வில் வெள்ளையைக் கொடுப்பது எவ்வளவோ மேல். சரி, ஏற்றுமதி செய்யும்போது பிஎன்ஜியாகவே எடுங்கள். ஜேபெக்கில் ஒளி ஊடுருவாது.