புது தெர்மோஸ்டாட்டை முதலில் அடுப்பில் வைத்துப் பாருங்கள்

பழைய காருக்குப் புது தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) வாங்கினால், மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன் வெந்நீரில் சோதித்துவிடுங்கள். வால்வை லேசாக நெம்பி அதன் வாயில் ஒரு நூலைச் செருகி, நூலின் மறுமுனையை ஒரு கரண்டிக் காம்பில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாதபடி தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். சூடு ஏறி வால்வு திறந்ததும் நூலின் பிடி விட்டு 'டங்'கென்று விழும். தெர்மாமீட்டர் இருந்தால், விழும்போது அது காட்டும் சூடு தெர்மோஸ்டாட்டில் பொறித்திருக்கும் எண்ணுக்கு (82, 88 என்று இருக்கும்) இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் விழவில்லையா, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உள்ளே இருப்பது மெழுகு. அது உருகி விரியும்போதுதான் வால்வைத் தள்ளுகிறது, அதனால் இன்ஜினே வேண்டாம், வெந்நீர் போதும். மட்டமான சரக்கு தாமதமாகத் திறக்கும், இல்லையென்றால் பாதிதான் திறக்கும், அட்டைப்பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, கழற்றிப் போடுங்க' என்பார்கள்; கேட்காதீர்கள், இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல்தான் கூடக் குடிக்கும்.

ரேடியேட்டர் மூடிக்கு இந்த வித்தை உதவாது. அதில் பழைய மூடியில் இருந்த அழுத்த எண்ணையே பார்த்து வாங்குங்கள், 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் வயதான ரப்பர் ஹோஸ்தான் முதலில் வாய் பிளக்கும். அப்புறம், மின் இணைப்போடு வரும் தெர்மோஸ்டாட்டையும் இப்படிச் சோதிக்க வேண்டாம், அவற்றில் சில 100 டிகிரி தாண்டினால்தான் தானாகத் திறக்கும்.